எழுபத்தைந்து கிலோ மாமன்

சல்லிசாக விமான டிக்கெட் கிடைத்தது என்று யாராவது பெருமை பேசினால் நான் வாழ்த்துச் சொல்வதில்லை. எந்த ஊரில் இறக்கிவிடுவார்கள், எந்த விமானத்தில் ஏற்றுவார்கள் என்று இரண்டே கேள்வி கேட்பேன். பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் இருக்காது. விலை மட்டும் கடைசிச் சென் காசுவரை சுத்தமாகத் தெரிந்திருக்கும். இப்படிக் கேட்பதால் எனக்கு உறவுக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர் இல்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில், சிரம்பான் தெமியாங்கில் டிக்கெட் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். முதலாளியின் அப்பா அதே கடையில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்தவர். மகனுக்கு அந்தத் தலைவலி பிடிக்கவில்லை, வேறொரு தலைவலியைத் தேடி விமான டிக்கெட் விற்கத் தொடங்கினார். சும்மா இருக்கும் நேரத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பார். பிஸ்கட் தட்டு சென்னை, தேநீர்க் கிளாஸ் கொழும்பு, என் பேனா விமானம். பேனா பிஸ்கட் தட்டைச் சுற்றி வரும்போது பிஸ்கட் ஒவ்வொன்றாகக் குறையும்.

மலிவு விலைக் கம்பெனிக்காரனின் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பெரிய ஊரில் இறங்கினால் இறங்கியதற்குக் காசு, நின்றதற்குக் காசு, படிக்கட்டு வைத்ததற்குக் காசு. சின்ன ஊரில் இதெல்லாம் குறைவு. ஆனால் சின்ன ஊரில் ஓடுபாதையும் சின்னது, பெரிய விமானம் இறங்க முடியாது. அதனால் கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்திலிருந்து பல ஊர் ஆட்களையும் ஒன்றாகக் கொழும்புவரை பெரிய விமானத்தில் அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே பிரித்து, திருச்சி ஆட்களைச் சின்ன விமானத்தில் ஏற்றுவார்கள். அந்தச் சின்ன விமானத்திலும் எந்தச் சின்ன விமானம் என்பதை முதல் நாள் சாயங்காலம் டிக்கெட் விற்ற கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தலை குறைவாக இருந்தால் இன்னும் சின்னதாக ஒன்று வரும். தலையைத்தான் எண்ணுவார்கள், நம் ஆட்கள் கொண்டுவரும் பெட்டியை யாரும் எண்ணுவதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் அப்பாவை என்னால் தடுக்க முடியவில்லை.

அப்பா லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினார். முதலில் ரப்பர்ப் பால், பிறகு பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை. அவருடைய ஒரே அக்கா எழுபதாம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் ஊருக்குக் கப்பல் ஏறியவர். அத்தைக்கும் மாமாவுக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி, வேலை பர்மிட் கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். அவ்வளவுதான் கதை. அன்று துறைமுகத்தில் அத்தையின் தகரப் பெட்டியை அப்பா ஒரே ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். கூலிக்காரன் கையை வைக்கக்கூட விடவில்லையாம். அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இப்போது அந்த அத்தையின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்து நின்றால்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவருவேன் என்று அத்தை சம்பந்திகளிடம் சொல்லிவிட்டார். தம்பி வருவானா என்று அங்கே ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிட்டார். அவர் சத்தம் போடாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

சென்னைக்கு டிக்கெட் போடுகிறேன், அங்கிருந்து ரயிலில் போகலாம், பெட்டியெல்லாம் கூடவே வரும் என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா வீட்டுக்குத் திருச்சிதான் பக்கம், மலிவும் அதுதான், பிறகு எதற்குச் சுற்ற வேண்டும் என்றார். சின்ன விமானம், பாரம் ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லாரி என்னைக்காச்சும் எனக்கு ஏலாதுன்னு சொல்லியிருக்கா பாப்பா? ஏத்துனா போவும் லா."

அவர் ஓட்டிய லாரி சொல்லியிருக்காது. செம்பனை ஆலையில் குலையோடு லாரியை எடை போட்டு, பிறகு காலி லாரியை எடை போட்டு, வித்தியாசத்தைத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவார்கள். முதல் எடைக்கு லாரி உதவியாளனையும் கூடவே உட்காரவைத்து ஏறுவது, காலி எடைக்கு அவனை டீ குடிக்க அனுப்பிவிடுவது என்று அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த உதவியாளன் தொந்தியோடு இருந்ததற்காகவே பல வருஷம் வேலையில் இருந்தான். ஆயுசு முழுக்க எடையைக் கூட்டிக் காட்டியே பழகிய மனிதர், குறைத்துக் காட்ட வேண்டிய தொழில் ஒன்று உலகத்தில் இருப்பதையே நம்பவில்லை.

போதாக்குறைக்குத் தோட்டத்து வழக்கம் வேறு. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் லயத்து வரிசையில் எல்லா வீட்டிலிருந்தும் பொட்டலம் வரும். தைலப் புட்டி, பிஸ்கட் டின், நைலான் சேலை, கைலி, கம்பளி. எல்லாம் யாரோ ஒரு சித்தப்பாவுக்கு, யாரோ ஒரு கொழுந்தனுக்கு. முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. பெட்டி கட்டும்போது லாரிக்காரர் புத்திதான், கசங்கக்கூடாததும் விலை கூடியதும் அடியில் போய்விட்டன. கல்யாணப் பெண்ணுக்குப் பட்டு, அத்தைக்குப் பட்டு, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, கூடவே அத்தைக்கென்று அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பெரிய பூப்போட்ட கம்பளி. மேலே தோட்டத்துச் சாமான் அத்தனையும். குலை லாரிக்குக் கட்டுகிற கயிற்றால் சுற்றி, காலை வைத்து இறுக்கினார்.

அப்பாவையும் என்னையும் வழியனுப்ப ஒரு பஸ் நிறைய ஆள் வந்தது. சுபாங்கில் அழுதவர்களைப் பார்த்தால் அப்பா போருக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அம்மா மட்டும் அழவில்லை. வீட்டுக்கு ஒருத்தர் வேண்டும் என்று நின்றுகொண்ட அவர், அப்பா ஏதாவது செய்துவைப்பார், நீ சமாளி என்று என் காதில் சொல்லி அனுப்பினார்.

கொழும்பில் நான் பயந்தது நடந்தது. அன்றைக்குத் தலை குறைவாம், இருப்பதிலேயே சின்ன விமானம் வந்திருந்தது. காற்றாடி வைத்தது. கண்ணாடிக்கு வெளியே அதைப் பார்த்த அப்பா, இது எத்தனை டன் என்று மட்டும் கேட்டார். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல தமிழில், மிகவும் மரியாதையாக, ஆட்கள் எல்லாரும் போகலாம், பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரும் என்றார். அடுத்த விமானம் எப்போது என்று கேட்டேன். மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள். முகூர்த்தமோ மறுநாள் காலை. கையில் எடுத்துப்போக, மடியில் வைக்கிற அளவுக்கு ஒரு பை. அதில் பாஸ்போர்ட்டும் அப்பாவின் மாத்திரையும் வைத்தாலே நிரம்பிவிட்டது. பெண்ணுக்குக் கொண்டுவந்த சங்கிலி என் கழுத்தில் இருந்ததால் தப்பித்தது.

அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து வெறுங்கையோடு போய் அக்கா முன்னால் எப்படி நிற்பது என்று தரையைப் பார்த்துக் கேட்டார். நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நானும் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் முதலாளி சொன்ன இன்னொரு பாடம் ஞாபகத்துக்கு வந்தது. விமானத்தில் ஆட்களை நிறுத்துப் பார்க்க மாட்டார்கள், ஆண் என்றால் இத்தனை கிலோ, பெண் என்றால் இத்தனை கிலோ என்று பொதுவாகப் போட்டுக்கொள்வார்கள். அதைச் சும்மா ஆறுதலுக்குத்தான் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து நேரே கவுண்டருக்குப் போனார்.

"தம்பி, என்னைய எத்தினி கிலோன்னு எழுதியிருக்கீங்க?"

எழுபத்தைந்து என்றார் அவர். அப்பா மறு பேச்சில்லாமல் பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். முள் ஐம்பதைத் தாண்டியதும் களைத்துப்போய் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்து வெயிலும் இருமலும் அவரைக் கழித்துக் கழித்து அங்கே கொண்டுவந்து விட்டிருந்தன. வீட்டில் தினமும் பார்க்கிற எங்களுக்கு அது தெரியவே இல்லை.

"அப்ப பாக்கி எனக்கு வரணும்ல?"

அந்தத் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டப்படியே பேசினார். பெட்டியை ஏற்ற முடியாது, பை ஒன்றுதான். ஆனால் பயணி என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று கம்பெனி எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது போதும். கயிற்றை அவிழ்த்தோம்.

முதலில் பெண்ணின் பட்டு, பனியனுக்கு மேல் வயிற்றைச் சுற்றி. அதற்கு மேல் அத்தையின் பட்டு. மாப்பிள்ளை வேட்டி, அதற்கு மேல் லயத்துக் கைலிகள், மூன்று சட்டைகள், எதிர்வீட்டுக்காரர் கொழுந்தனுக்குக் கொடுத்த கோட்டு. நைலான் சேலைகளைக் கழுத்தில் மஃப்ளர்போல் சுற்றினேன். கடைசியில் கம்பளி. தராசில் ஏறினார், இன்னும் இரண்டு கிலோ இடம் இருந்தது. இன்னொரு கைலி கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற வேறொரு பயணி தன் தங்கைக்கு வைத்திருந்த சேலையை நீட்டி, இதையும் கட்டிக்கொள்ளுங்கள் அண்ணே என்றார். அப்பா அதையும் கட்டிக்கொண்டார். முள் எழுபத்தைந்தைத் தொட்டபோது வரிசையே கைதட்டியது. எனக்கும் யாரோ ஒரு சேலையை நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. கம்பெனி பெண்களுக்குப் போட்டிருந்த கணக்கில் எனக்கு மிச்சம் எதுவும் இல்லை, அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

விமானத்தில் இருக்கை வார் அவருக்கு எட்டவில்லை, நீட்டிக்கொள்ள ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். குனிய முடியாது, திரும்ப முடியாது. வேர்வை புருவத்திலிருந்து சொட்டியது, துடைக்கக் கை மடங்கவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். திருச்சியில் ஓடுபாதை முடிவதற்குள் விமானத்தை ஒரு பிடி பிடித்து நிறுத்தினார்கள். எல்லாரும் முன்னால் போய் இடித்துக்கொண்டோம். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சுங்க அதிகாரி அந்த மே மாத வெயிலில் கம்பளியைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலா என்று கேட்டார். பழக்கம் என்றார் அப்பா. அதிகாரி தலையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெட்டிகளும் பிறகு வந்து சேர்ந்தன, ஒரு பிஸ்கட் டின்கூடக் குறையவில்லை. அந்தத் தங்கையின் சேலையையும் வெளியே வந்ததுமே கொடுத்துவிட்டோம், அது மேலாக இருந்ததால் சிரமமில்லை. ஆனால் எனக்கு மனதில் நிற்பது திருச்சியில் இறங்கிய அன்று சாயங்காலம்தான்.

விமான நிலைய வாசலில் காத்திருந்த அத்தைக்கு முதலில் ஆள் தெரியவில்லை. தெரிந்ததும் அழுகைக்குப் பதில் சிரிப்புத்தான் வந்தது. கட்டிப்பிடிக்கப் பார்த்தார், கை முழுதாகச் சுற்றி வரவில்லை. கார் வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பேச்சுதான். தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானோ இல்லையோ என்று இத்தனை வருஷம் வீணாகக் கவலைப்பட்டாராம். வீட்டில் கூடியிருந்த பெண்களிடமும், பாருங்கடி, கட்டிப்பிடிக்கக் கை எட்டாத தம்பி என்று முதுகில் தட்டிக் காட்டினார். அப்பா அதை மறுக்கவில்லை, என்னையும் வாயைத் திறக்க விடவில்லை.

பிறகு கூடத்தில் நின்றபடி சீரை இறக்கத் தொடங்கினார். கம்பளி. அத்தை வாங்கி மடித்துக்கொண்டார். கோட்டு. சேலைகள். பெண்கள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள், அத்தையின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சட்டை, அதற்குள் சட்டை, அதற்குள் சட்டை. கைலி போகப் போகச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாப்பிள்ளையின் வேட்டி வந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைசியில் இரண்டு பட்டையும் சுற்றிச் சுற்றி எடுத்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, நனைந்த பனியனோடு அப்பா நின்றார்.

அத்தை பட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளுக்குக் கீழே கையைப் பிடித்தார். தகரப் பெட்டி தூக்கிய கை. அத்தையின் கட்டை விரலும் நடு விரலும் அதைச் சுற்றிக்கொண்டு வந்து ஒன்றையொன்று தொட்டன.

"இவ்வளவுதானாடா நீ?"

"மீதியெல்லாம் சீருதான்க்கா."

 அத்தை மடித்து வைத்த கம்பளியை எடுத்து உதறி மறுபடியும் அப்பாவின் தோளில் போர்த்தினார். அந்த வெயிலில் அப்பா வேர்த்துக் கொட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அத்தை பக்கத்தில் நின்று முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தார், கம்பளியை மட்டும் எடுக்கவிடவில்லை.