பதினொரு பெயர்களில் ஒளிந்திருந்த எழுத்து

என் தங்கை சர்மிளா தோட்ட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தது 2001ஆம் ஆண்டு ஏப்ரலில். கொத்மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்திலிருந்து போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். நான் எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனேன். அவள் உயர்தரம் முடித்து, ஹட்டனில் ஆறு மாதம் கணினி படித்தாள். படித்த புத்தகத்தின் போட்டோ கொப்பியை உர பேக்கில் சுற்றி வைத்திருந்தாள். மழைக்கு அவள் நனைவாள், அது நனையாது.

ஆபீசில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக் காட்டும் பழைய கணினி ஒன்று. அதிலிருந்து இரண்டு மேசைகளுக்கும் தனித்தனித் திரையும் கீபோர்டும். பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் ஐயா 412 தொழிலாளர் பெயர்களையும் தன் மேசையிலிருந்து ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தார். அந்தப் பட்டியலைக் கொண்டு அன்றாடம் பேர் போடும் புரோகிராமை சர்மிளா எழுதினாள். வேலைக்கு வந்தவரின் பெயரை அடித்தால், அது பட்டியலில் தேடிப் பிடித்து அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்துக்கான வரவை, பதியும்.

ஜூன் 18, திங்கட்கிழமை, முதல் தடவையாக அதில் பேர் போட்டார்கள். மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை பதினொரு பேரைத் தனியாக நிறுத்தினார்.

"ஒங்களுக்கு நேத்துப் பேர் இல்ல. கம்பியூட்டர்ல ஆளே இல்லன்னு வருது."

என் பக்கத்தில் நின்ற காளியாயி அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"முப்பது வருசமா கொழுந்தெடுக்குறேன், நான் ஆளே இல்லையா? அப்ப நேத்து அட்டை கடிச்சது யாரை?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆபீசில் தங்கைக்கு என்ன நடக்கும் என்று தெரியும்.

நடந்தது. பட்டியலைத் திரையில் ஓடவிட்டால் காளியாயி என்ற பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் நிற்கிறது. தேடினால் இல்லை என்கிறது. முத்துலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் டைப்ரைட்டரில் அடித்த கை.

"பாரும் பிள்ளை, நான் அடிச்ச பேர் வடிவாய் நிக்குது. உம்மட புரோகிராம்தான் காணேல்லை எண்டுது. கொழுந்து கிள்ளுற மாதிரியே இது?"

தோட்டத்து மேனேஜர் தொரை சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் சரிவராவிட்டால் பழையபடி புத்தகத்தில் பேர், சர்மிளாவுக்கு மலையில் கொழுந்து வேலை.

அவள் அழவில்லை. போட்டோ கொப்பியை விரித்து வைத்து எனக்கே பாடம் எடுத்தாள்.

"அக்கா, சில எழுத்துக்கு உருவம் கெடையாது. வேல மட்டுந்தான் செய்யும். தெரையில போட்டா வேலயச் செஞ்சிட்டு மறைஞ்சிரும். அதுக்கு ஒரு உருவம் குடுத்துக் காட்டுறதுக்குன்னே சின்ன பங்ஷன் ஒண்ணு இருக்கு. கீபோர்ட்ல அமுக்குற கட்டைக்குப் பேர் சொல்ல இன்னொண்ணு இருக்கு. ரெண்டையும் போடப் போறேன்."

சனிக்கிழமை காளியாயி அக்காவும் நானும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே தொரையும் இருந்தார். சர்மிளா பட்டியலைப் புதிய முறையில் காட்டினாள். பதினொரு பெயர்களுக்குள்ளே மட்டும், நடுவில் ஒரு பிழையான எழுத்து, அதை ஒட்டி ^ என்று ஒரு கூரைக் குறி, ஒரு ஆங்கில எச்.

"கிளாக்கரையா, ஒங்க மேசையில அழிக்கிற கட்டைய ஒருக்கா அமுக்குங்க."

அவர் அமுக்கினார். திரை அந்தக் கட்டையின் பெயரைச் சொன்னது: அதே கூரை, அதே எச்.

"இது அழிக்கிற எழுத்து இல்லைங்க, ஒரு எடம் பின்னால போற எழுத்து. டைப்ரைட்டர்ல மாதிரி பின்னால போயி மேல அடிச்சிருக்கீங்க. கண்ணுக்குச் சரியாத் தெரியும். ஆனா உள்ள மூணும் இருக்கு. தப்பான எழுத்து, பின்னால போறது, சரியானது. புரோகிராம் மூணையுந்தான் பாக்குது."

முத்துலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே கூரை.

"சரி, திருத்து," என்றார் தொரை. "இத வெளியில பேச வேணாம்."

"திருத்திட்டேங்க தொரை. பேச வேணும்."

"என்னது?"

"ஆளே இல்லன்னு பெரட்டுல வச்சுத்தான் சொன்னாங்க. ஆள் இருக்குன்னும் பெரட்டுலதான் சொல்லணும். இல்லாட்டி திங்கக்கெழம நான் கூடையோட வாறேன், நீங்க புத்தகத்துலயே பேர் போடுங்க."

தொரை முத்துலிங்கம் ஐயாவைப் பார்த்தார்.

"பிள்ளை சொல்லுறது நியாயம்," என்றார் அவர். "அடிச்சது என்ர கை."

திங்கட்கிழமை காலை, தூறலில், முத்துலிங்கம் ஐயா குடையோடு பெரட்டுக்களத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை. தன் கைப்பிழை என்று சொல்லிவிட்டுப் பதினொரு பெயர்களையும் வாசித்தார். முதல் பெயர் காளியாயி.

"இருக்கேன் சாமி!" அக்காவின் சத்தம் மேல் லயம் வரை கேட்டது. "அன்னைக்கும் இருந்தேன்!"