சந்தையில் சொன்ன சொல்

ஹஜ்ஜுக்குச் சீட்டு விழுந்த நாளிலிருந்து ராசிம் ஊர் முழுக்க மன்னிப்பு கேட்டு ஹலால் வாங்கிக்கொண்டு திரிந்தார். இறைச்சிக் கடையில், சலூனில், கயிறு திரிப்பவர்கள் சந்தில், வாய்க்கால் தகராறில் அடிதடிவரை போன மாமன் மகனிடம்கூட. கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மனசார ஹலாலாக்கிடுங்க" என்பார். அவர்களும், "ஹலால், ஆயிரம் தடவை ஹலால். அங்க போய் எங்களையும் நெனச்சுக்கங்க" என்பார்கள். படைத்தவனுக்குச் செய்த தப்பைப் படைத்தவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். தீரெ ஊரில் இது பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும்.

ஹூரியேயிடம் கேட்பதை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். பயத்தால் இல்லை. எங்கே போய்விடப்போகிறாள் என்ற நினைப்பு. சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய அவருடைய லாட்ஜில்தானே விடிந்ததிலிருந்து கிடக்கிறாள்.

அவள் மண்டியிட்டுப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஈரப் படியில் செருப்புத் தடம் பதிய ஏறினார். ஏறிக்கொண்டே, "ஹூரியே, நீயும் ஹலாலாக்கிடு, என்ன?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. மாடித் திருப்பத்துக்குப் போய்விட்டார்.

"ஆக்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னே?"

"ஆக்கலைன்னு சொன்னேன்."

ராசிம் சிரித்தார். "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்க."

சொல்லிவிட்டு, அவருடைய செருப்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

ஹூரியே நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்தே வளர்ந்தவள். மலையில் அத்திப்பழம் பொறுக்குவதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். சந்தையில் மூட்டை தூக்கும் இத்ரிஸுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். ஒரு குளிர்காலத்தில் ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் இத்ரிஸின் முதுகு போனது. அன்றிலிருந்து லாட்ஜில் துணி துவைக்க வந்தாள். பிறகு அறைகளும் அவள் பொறுப்பாயின. கடைக்கோடியில் ஒரே குளியலறை, அறைக்கு இரண்டு கட்டில், ஆடும் ஜன்னல் கதவுகள். திங்கள் சாயங்காலம் ஆனால் மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள்; செவ்வாய்ச் சந்தை முடிந்ததும் போய்விடுவார்கள். மணி விற்பவனுக்கு இருமல், ஜன்னலோரம் ஆகாது. கயிற்றுக்காரர் காலுறையைக் கழற்றாமல் தூங்குவார். யாரும் சொல்லி அவள் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான்.

பாலாடைக்கட்டி விற்கிற ஃபதிமே வாராவாரம் அதே அறையில், அதே கட்டிலில் படுப்பவள். போன இலையுதிர் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், அவள் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். படுக்கையில் வைத்த தங்க வளையலைக் காணோம். தலையணையை உதறினார்கள், கட்டிலை நகர்த்தினார்கள். கிடைக்கவில்லை. ராசிம் வாசலுக்குப் போய், எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்: "அந்த அறைக்குள்ள ஹூரியேயைத் தவிர வேற யாரு போறா?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அதே காப்பிக் கடையில் பெருமூச்சு விட்டு, "பாவம், புருஷன் முடங்கிக் கிடக்கான். ஏதோ கை நீண்டுடுச்சு. நான் பெரிசு பண்ணல. வேலையை விட்டும் அனுப்பல" என்றாராம். ஊர் அவரை மெச்சியது. திருடியைக்கூடப் பிழைக்க வைக்கிற மனசு யாருக்கு வரும் என்றது. ஹூரியேயை எரித்தது அந்த மெச்சல்தான். அவள் பெயரை உருக்கி அவர் தன் பெயருக்கு முலாம் பூசிக்கொண்டார்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். போனால் எடுத்தவள் ஓடிவிட்டாள் என்பார்கள். வேறு எந்த வீட்டில் அவளைச் சேர்ப்பார்கள்? அக்கம்பக்கத்து வீடுகளில் விருந்துக்குப் பாத்திரம் கழுவக் கூப்பிடுவது நின்றது. ஒரு கல்யாண வீட்டில் அவள் போய்ப் பாயில் உட்கார்ந்ததும், இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் தரையில் வைத்திருந்த கைப்பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவள் சோறு தின்னாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வசந்தம் வந்தது. லாட்ஜின் ரஜாய்களைப் பிரித்து, உள்ளே அடைத்த ஆட்டு ரோமத்தை வெயிலில் காய வைத்து அடித்துத் திரும்பத் தைக்கும் காலம். ரஜாய் தைக்கிற சப்ரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான், தைத்துக் கொண்டுவந்து போட்டான். அவன் ஹூரியேயின் முகத்தைப் பார்க்காமல் போனதை அவள் கவனித்தாள். காரணம் புரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் ஃபதிமே சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, தோல்பையிலிருந்து பாலாடைக்கட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அந்த வளையல்.

ஹூரியே அங்கேயே நின்றாள். "ஃபதிமே, இது?"

"அட, ராசிம் அண்ணன் உன்கிட்ட சொல்லலையா அக்கா?" ஃபதிமே கையைத் துடைத்துக்கொண்டாள். "ரஜாய் ஓரத்துல தையல் விட்டிருந்துச்சு. அதுக்குள்ள நான்தான் செருகி வச்சேன், பத்திரமா இருக்கட்டும்னு. அது ரோமத்துக்குள்ள எறங்கிப் போச்சு. சப்ரி அடிக்கறப்ப டங்குன்னு விழுந்துச்சாம். அண்ணன்கிட்ட குடுத்திருக்கான். அண்ணன் எனக்குத் தந்துட்டு, 'சந்தையில பேசாதே, லாட்ஜுக்குக் கெட்ட பேரு வரும், ஹூரியேகிட்ட நானே சொல்லிக்கறேன்'னு சொன்னாரு. நான் உன் பேரைச் சொல்லவே இல்லியேக்கா. அவருதான் சொன்னாரு."

"அவரு சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

ஃபதிமே எடைக்கல்லைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஹூரியே அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவராக வந்து சொல்கிறாரா என்று பார்த்தாள். தினமும் அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தாள். அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு மக்காவின் வெயிலைப் பற்றிப் பேசினார். கடைசியில் அவர் வாயைத் திறந்தது, ஈரப் படியில் ஏறிக்கொண்டே, போகிற போக்கில் ஹலால் கேட்பதற்குத்தான்.

செய்தி பரவிவிட்டது. காப்பிக் கடையில் ஒருவன், "திருடி, ஹாஜியாரைத் தடுத்து நிறுத்தறாளாம்! காலம் கெட்டுப் போச்சு" என்றான், அவள் காதில் விழ வேண்டும் என்றே.

ராசிமின் மனைவி மெலஹத் கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு ஹூரியேயின் வீட்டுக்கு வந்தாள். ஹூரியே அவளை உட்காரச் சொன்னாள். ஆனால் தேநீர்க் கெண்டியை அடுப்பில் ஏற்றவில்லை. மெலஹத் அடுப்பைப் பார்த்தாள், ஹூரியேயைப் பார்த்தாள்.

"தங்கச்சி, வயசான மனுஷன். போனா திரும்பி வருவாரோ என்னமோ. ஒரு வார்த்தைதானே?"

"அவரு சொன்னதும் ஒரு வார்த்தைதான்."

"உன்னை வேலையை விட்டு அனுப்பலையே. வேற யாரா இருந்தாலும் அனுப்பியிருப்பாங்க."

"அனுப்பியிருக்கலாம். போலீஸ்கிட்டயே போயிருக்கலாம். அவங்களாச்சும் ரஜாயைக் கிழிச்சுப் பாத்திருப்பாங்க."

மெலஹத்தின் கண் தாழ்ந்தது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஹூரியே பொட்டலத்தை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள்.

அன்று சாயங்காலம் ராசிமே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சரி, தப்பு என் மேலதான். இதோ, இத்ரிஸ் முன்னாடியே சொல்றேன். போதுமா?"

"என்னைத் திருடின்னு இத்ரிஸ் முன்னாடி மட்டுமா சொன்னீங்க?"

"ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல என்னைத் தலைகுனிய வைக்கப் பாக்கறியே, இது நியாயமா?"

"நான் இந்த ஊர்ல எப்படி நடக்கறேன்னு பாத்திருக்கீங்களாண்ணே? சந்தையில சொன்னது சந்தையிலதான் போகணும். வீட்டுக்குள்ள சொல்லி என்ன புண்ணியம், இந்தச் சுவரா என்னைத் திருடின்னு நெனைக்குது?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவு பலமாகச் சாத்திக்கொண்டது.

இத்ரிஸ் திண்டில் சாய்ந்தபடி உச்சுக்கொட்டினான். "முயல் மலையோட கோவிச்சுக்கிச்சாம், மலைக்கு அது தெரியவே இல்லையாம். விட்டுடும்மா."

"இப்ப மலை மக்காவுக்குப் போகணுமே. முயல் வழி விட்டாத்தானே போகும்?"

இத்ரிஸ் முதுகு வலியோடு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சந்தை கூடியது. அன்றுதான் ராசிமுக்குப் பயணம். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி வழியனுப்பச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், லாட்ஜ் வாசலில் வேன் நின்றது. ஹூரியே ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக வாசற்படியில் நின்றாள். செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்காக ஓதும் துஆ பிரார்த்தனைக்கு முன்னால் அவள் வாசல் கழுவி முடித்திருப்பாள். அன்று இன்னும் தொடங்கவில்லை.

ஒலிபெருக்கியில் துஆ ஆரம்பித்ததும் சந்தை அப்படியே நின்றது. கத்தரிக்காய்க்காரன் கத்துவதை நிறுத்தினான், பேரம் பேசியவர்கள் உள்ளங்கையை விரித்தார்கள். தராசில் பொய் இருக்கக் கூடாது, நாக்கில் பொய் இருக்கக் கூடாது, வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இறைவனின் பரக்கத் வேண்டும். எல்லோரும் ஆமீன் என்றார்கள். ராசிம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

துஆ ஓதியவர் ஒலிபெருக்கியில், "நம்ம ராசிம் அண்ணன் இன்னைக்குப் பயணம் போறாரு. சந்தைக்காரங்க எல்லாரும் அவருக்கு ஹலாலாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஹலால்!" என்று சதுக்கமே அதிர்ந்தது.

ராசிமின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் ஹூரியேக்குப் புரிந்தது. ஊர்க் கூச்சலுக்குள் தன் ஒற்றைக் குரலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகப் பார்க்கிறார். வாழ்நாளில் பத்துப் பேர் நடுவில்கூடக் குரலெடுத்துப் பேசியவள் இல்லை.

"நான் ஆக்கல!"

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டம் திரும்பியது. ஒருவன், "ஏய், விடும்மா, நல்ல காரியத்துல..." என்றான்.

"நல்ல காரியமா இருக்கட்டும். வளையல் என்னாச்சுன்னு சொல்லச் சொல்லு."

துஆ ஓதியவர் ராசிமைப் பார்த்தார். ஹலால் இல்லை என்று ஒரு குரல் காதில் விழுந்த பிறகு அதை விழாததுபோல் ஆக்க அந்தச் சதுக்கத்தில் யாராலும் முடியாது. மைக்கை ராசிமிடம் நீட்டினார்.

ராசிம் செருமினார். "ஒரு வளையல் தொலைஞ்சு போச்சு. அல்லா புண்ணியத்துல அது கிடைச்சிருச்சு."

"எங்க கிடைச்சுது?" என்றாள் ஹூரியே.

"ரஜாய்க்குள்ள."

"வச்சது யாரு?"

"நான்தான் வச்சேன்," என்றாள் ஃபதிமே, பாலாடைக்கட்டிகளுக்குப் பின்னாலிருந்து, யாரும் கேட்காமலே.

"எப்பக் கிடைச்சுது?"

கம்பளிக் கடை ஓரத்தில் நின்ற சப்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பிளம் மரம் பூத்த சமயம். அவரு கையிலதான் குடுத்தேன். வாயைத் திறக்காதேன்னு சொன்னாரு. நானும் திறக்கல, ஹூரியே அக்கா. என்னையும்..."

"உன் கதையை அப்புறம் பேசுவோம்."

இப்போது பிளம் பழுத்துக் கடைகளில் குவிந்திருந்தது. சந்தையில் எல்லோருடைய கண்ணும் ஒரு கணம் அந்தக் கூடைகளுக்குப் போய் வந்தது.

ராசிமின் கழுத்து சிவந்தது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஹூரியே எடுக்கல. நான் அப்படிச் சொன்னது பொய். தெரிஞ்சப்புறமும் சொல்லாம இருந்தேன்" என்றார். குரல் சின்னதாக இருந்தாலும் ஒலிபெருக்கி அதைச் சந்தைக் கோடிவரை கொண்டுபோனது.

"ஹலால்," என்றாள் ஹூரியே.

அவ்வளவுதான் சொன்னாள். அது சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டாள்.

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்யாண வீட்டில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் தோளைத் தடவி, "நாங்க நம்பவே இல்லக்கா, சத்தியமா" என்றாள்.

"அப்புறம் ஏன் கைப்பையைத் தூக்கி மடியில வச்சீங்க?"

அந்தக் கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

வேன் கிளம்பியது. போகிறவர் நீர்போலத் தடையில்லாமல் போய் வரட்டும் என்று பெண்கள் குவளை குவளையாகத் தண்ணீரை வேனுக்குப் பின்னால் வீசினார்கள். மெலஹத்தின் குவளையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அவள் ஹூரியேயின் வாளியைப் பார்த்தாள். பிறகு ஹூரியேயைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஹூரியே வாளியின் பிடியை விடவில்லை. ஹலால் அவருக்குச் சேர வேண்டியது, கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் பிரியத்துக்கு ஊற்றுவது.

வேன் மசூதித் திருப்பத்தில் மறையும்வரை நின்றாள். பிறகு வாளியைக் கவிழ்த்து லாட்ஜ் வாசற்படியைக் கழுவத் தொடங்கினாள். ராசிமின் செருப்புத் தடம் அதில் இன்னும் இருந்தது. துடைப்பத்தை அழுத்தித் தேய்த்தாள். எதிரே காப்பிக் கடையில், அவளைத் திருடி என்று வாய் நீண்டவன், காலில் தண்ணீர் படாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.