நான் அழித்த நாற்பத்திரண்டு முகங்கள்

நாற்பத்திரண்டு பெண்களின் முகங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து அழித்தவன் நான். அந்த முகங்களை வரைந்தவர் வளர்மதி என்ற பெண். என் தவறு வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அவற்றை அழித்தேன். பழியை அவர்மேல் போட்டு, அவருடைய வேலையையும் போக்கினேன். பதினோரு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. மினியேச்சர் உருவங்களுக்கு முகம் வரையும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். தொழில் விவரமும் கொஞ்சம் வரும். அது இல்லாமல் நான் செய்தது என்னவென்று புரியாது.

1. தண்ணீர் அடிக்கும் வெளிச்சம்

தஞ்சாவூரில் மாடல் செய்யும் பட்டறை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அடுக்குமாடி வீடு, தேர், அணை என்று எல்லாவற்றுக்கும் மாடல் செய்வோம். முதலாளி துரைசாமிக்கு அச்சு எடுப்பதிலும் ரெசின் ஊற்றுவதிலும் நல்ல கை. வண்ணம் அவருக்குத் தெரியாது. ஓவியக் கல்லூரியில் படித்தவன் என்பதால் அது முழுக்க என் பொறுப்பு.

நகருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை காட்சிக்கூடம் கட்டியபோது, அதற்கு நடவு வயல் மாடல் கேட்டார்கள். எட்டடி நீளம். தண்ணீர் கட்டிய வயல், வரப்பு, நாற்று முடிகள், குனிந்து நடும் நாற்பத்திரண்டு பெண்கள். ஓர் உருவம் நிமிர்ந்தால் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். முகம் புளியங்கொட்டை அளவு. ஒருவரால் முடிகிற வேலை இல்லை. முகங்களை வளர்மதியிடம் கொடுத்தேன்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அவரும் நட்டிருக்கிறார். ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, பள்ளியில் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மாதிரிக்கு ஒரு முகத்தை நான் வரைந்து கொடுத்தேன். கலர் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பிரைமர், தோல் நிறத்தில் பேஸ் கோட், அதன்மேல் தண்ணீர் போல் கரைத்த கிளேஸ் நான்கைந்து பூச்சு. வெளிச்சம் மேலிருந்து வருவதாக வைத்து நெற்றியையும் மூக்கையும் வெளுப்பாக்கி, தாடையைக் கருக்கியிருந்தேன். கண்ணுக்கு வெள்ளை, நடுவில் கருவிழி. அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இந்த அம்மா என்னத்தப் பாத்து இப்படி முழிக்குது? வயல்ல பாம்பு கீம்பு கெடக்கா?"

"கண்ணு தெறந்திருக்க வேணாமா?"

"வெயில்ல நடுறவளுக்குக் கண்ணுல வெள்ளை எங்க சார் தெரியும்? இடுக்கிக்கிட்டுல்ல நடுவா. அதோட, வெளிச்சம் மேலேருந்து வராது சார்."

"பின்ன?"

"மூஞ்சிதான் கவுந்திருக்கே. கீழ தண்ணி நிக்குது. தண்ணிதான் மூஞ்சில வெளிச்சம் அடிக்கும்."

பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ வருடம் நடவு வயலைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். இது என் கண்ணில் பட்டதே இல்லை. வளர்மதி தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் புருவ எலும்பின் கீழும் வெளுப்பு ஏற்றினார். நெற்றியை நிழலில் விட்டார். கண் இருக்கும் இடத்தில் அடர்ந்த பிரவுனில் ஒரே ஒரு கோடு. கறுப்பு போடவில்லை. ஆக்ரிலிக் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். அவர் டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் கலர் கலந்தார். மாலை வரைக்கும் காயாது. இந்த இரண்டையும் அவரிடம்தான் கற்றேன். அதன் பிறகு நான் செய்த எல்லா வேலையிலும் இவை இருக்கின்றன.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் ஊருக்குப் போய், நட்டுக்கொண்டிருந்த பெண்களைத் தனித்தனியாக போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு படத்துக்கு ஒரு முகம். வெற்றிலைக் கறை, அம்மைத் தழும்பு, முன்பல் இல்லாததால் உள்ளே போன உதடு எல்லாம் வந்தன. அஞ்சலை என்ற பெண்ணின் மூக்குத்திக்கு ஊசி முனையால் மஞ்சள் புள்ளி ஒன்று வைத்தார். "எங்க பெரியம்மா சார். மூக்குத்தி இல்லேன்னா கோவிச்சுக்கும்" என்றார்.

துரைசாமி லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். "சார், இது உங்க கை இல்லியே? இத்தன நாளா இந்தப் பொண்ண வச்சுக்கிட்டா நாம தேர்ச் சக்கரத்துக்குக் கலர் அடிச்சிக்கிட்டிருந்தோம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் வரைந்த மாதிரி முகத்தை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

2. ஐப்பசி

கடைசியாக, பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே செய்ய வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும் நாளில் அதைத் தொடவே கூடாது. தொட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். இதை நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் உருவங்களை வயலில் பதிக்க வேண்டும் என்று துரைசாமி சொல்லியிருந்தார். நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்து நான் அடித்தேன். கால் மணி நேரத்தில் நாற்பத்திரண்டு முகங்களும் சாம்பல் பூசியது போல் ஆகிவிட்டன.

துரைசாமி உள்ளே வந்தார். "என்ன சார் இது?"

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதனால் கலருக்குக் கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது பட்டறை விதி. என் வாயில் அதுதான் வந்தது.

"வளர்மதி பைப் தண்ணி ஊத்திக் கலந்திருக்கு. உப்புப் பூத்துடுச்சு."

அவரைக் கூப்பிட்டார்கள். அவர் உருவங்களைப் பார்த்தார். "கேன் தண்ணிதாங்க ஊத்துனேன். சாரையே கேளுங்க" என்றார்.

துரைசாமி என்னைப் பார்த்தார். நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பயமும் பொறாமையும்தான் காரணம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. வெள்ளை பூத்த வார்னிஷுக்கு மருந்து உண்டு. அதன்மேல் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் கலர் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். பட்டறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். கொடுத்திருந்தால் முகங்கள் பிழைத்திருக்கும். ஆனால் பூத்தது உப்பு இல்லை, வார்னிஷ் என்பதும் தெரிந்துபோயிருக்கும். அதனால், துரைசாமி வளர்மதியை வேலையிலிருந்து நிறுத்திய அன்றே எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். ஒன்பது நாளில் நான் புதிதாக வரைந்தேன். வெளிச்சத்தைக் கீழிருந்து வைத்தேன். முகம் மட்டும் நாற்பத்திரண்டுக்கும் ஒன்றேதான். வேறு முகம் எதுவும் எனக்குத் தெரியாது.

3. திறப்பு நாள்

விழாவுக்கு வளர்மதியின் ஊர்ப் பெண்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். "நீங்கள்லாம் அதுல இருக்கீங்க" என்று வளர்மதி முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அவர் வரவில்லை. பெண்கள் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்கள். ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஏங்க சார், இதுல நான் எது?"

பெயர் கேட்டேன். அஞ்சலை என்றார். நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினேன்.

"இதுவா? என் மூக்குத்திய எவ கழட்டுனா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

4. பட்டுக்கோட்டை

பத்து வருடம் கடந்து நான் ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "கீழேருந்து வெளிச்சம் வச்சு மூஞ்சி எழுதுறது சார் கண்டுபிடிச்சது. இந்த ஜில்லாவுல வேற யாருக்கும் தெரியாது" என்று துரைசாமி மைக்கில் பேசினார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தத் துண்டைப் பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும், வளர்மதியிடம் போய் உண்மையைச் சொல்வதை ஆறு மாதம் தள்ளிப்போட்டேன்.

வளர்மதி பட்டுக்கோட்டையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தார். ஆரி வேலையும் செய்வார். கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். அளவு பிளவுஸ் கொண்டாந்திருக்கீங்களா?"

உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன். எதையும் விடவில்லை. அவர் கைவேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"தெரியும் சார். உப்புன்னா கரிக்குமுல்ல. அன்னிக்கே ஒண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே வளர்மதி."

"சொன்னேனே. சாரையே கேளுங்கன்னு."

பிறகு அவரே சொன்னார். வேறு மூன்று பட்டறையில் வேலை கேட்டிருக்கிறார். எல்லோரும் துரைசாமிக்கு போன் போட்டு விசாரித்தார்கள். பதில் தெரிந்ததுதான். "அது போகட்டும் சார். ஊர்ல என்னைய என்ன சொன்னாங்க தெரியுமா? நம்ம படத்த எடுத்துக்கிட்டுப் போயி ஏமாத்திட்டான்னாங்க. பெரியம்மா ரெண்டு வருஷம் எங்கிட்ட பேசல."

காட்சிக்கூடத்தில் அவர் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றேன்.

"அந்த மூஞ்சிங்க நீங்க எழுதுனது. அதுல எம் பேரு எதுக்கு? முடிஞ்சா எங்க ஊருக்குப் போயி சொல்லுங்க. நான் வர மாட்டேன். நீங்களா போயி சொல்லுங்க."

5. வாய்க்கால் கரையில்

முதலில் துரைசாமியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பொண்ண வாசல்ல நிக்கவச்சுத் திட்டுனேனே சார். கேட்டவனுக்கெல்லாம் வேணாம்னு சொன்னேனே" என்றார். வளர்மதி வேலையில் குற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னோடு முன்போல் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

வளர்மதியின் ஊருக்கு நான் போன அன்று நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். வார்னிஷ், கிளாஸ் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? "வளர்மதி உங்க எல்லாரையும் அப்படியே எழுதியிருந்தாங்க. வேலையக் கெடுத்தது நான். பழிய அவங்க மேல போட்டுட்டு, உங்க முகத்த அழிச்சதும் நான்தான்" என்றேன்.

அஞ்சலை கையில் எடுத்த கவளத்தைத் தூக்குவாளியிலேயே போட்டார். "அப்ப வளரு பொய் சொல்லல."

"இல்லம்மா."

"இதச் சொல்ல இத்தன வருஷமா சார் ஒங்களுக்கு? தஞ்சாவூரு என்ன காசியிலயா இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தண்ணீர் செம்பை என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தண்ணீரை நான் மறக்க மாட்டேன்.

6. கேன் தண்ணீர்

ஒரு வாரம் கழித்து வளர்மதியே போன் செய்தார். பெரியம்மா கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போனாராம். பழைய பிரிண்டுகள் எல்லாம் அவரிடம் இருந்தன. முகங்களைத் திரும்ப வரையக் காட்சிக்கூடத்தில் அனுமதி வாங்கச் சொன்னார். அங்கிருந்த பொறுப்பாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர். வளர்மதிக்கு உரிய கூலிக்கும், அந்தப் பெண்கள் அனைவரின் பெயரோடும் ஒரு பலகைக்கும் ஏற்பாடு செய்தார்.

நான் வரைந்த முகங்களை நானே ஸ்பிரிட்டில் போட்டுத் தேய்த்தேன். பிரைமரும் பேஸ் கோட்டும் என் வேலை. மீதி முழுக்க அவர் வேலை. பங்குனியில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையில் செய்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிக்கும் முன் கேனைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, "பாத்துக்கங்க சார், கேன் தண்ணி" என்பார். சில நாள் சிரித்துக்கொண்டு சொல்வார். சில நாள் சிரிக்காமல் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் "பாத்துட்டேன்" என்று பதில் சொன்னேன்.

மாடலைத் திரும்ப வைத்தபோது அஞ்சலைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினோம்.

"யாருடி இது, என் மவளா?"

"நீதான் பெரியம்மா. அப்ப எடுத்த போட்டோவுல்ல. மூக்குத்தி பாரு."

"அத பேத்திக்குப் போட்டுட்டேனே. இங்கயாச்சும் இருக்கட்டும்" என்றார். அந்தப் போனை வெகு நேரம் அவர் திருப்பித் தரவில்லை.

அறுவருக்கு அதற்குள் காலம் முடிந்திருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். நான் அழிக்காமல் விட்டிருந்தால், அந்த ஆறு பேரும் உயிரோடு இருக்கும்போதே தங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலை கெட்ட அந்த மணி நேரத்திலேயே "என் கையால் கெட்டது" என்று சொல்லிவிடுங்கள். கெட்டதைச் சரிசெய்ய அப்போது ஏதாவது ஒரு வழி இருக்கும். மறைக்க ஆரம்பித்தால் அந்த வழியை நாமே அடைக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு கோட் வார்னிஷில் முடிந்திருக்க வேண்டியது பதினோரு வருடம் ஆனது.

வளர்மதி கடையில் இப்போது பாதி மேசை தையலுக்கு, பாதி மேசை உருவங்களுக்கு. துரைசாமி பட்டறையிலிருந்தே முகவேலை அவருக்கு வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் போகிறேன். வரச் சொன்னதற்கே நன்றி.

போன மாதம் சீர்காழியிலிருந்து ஒருவர், தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை மாடலாகச் செய்ய ஆர்டர் கொடுக்க வந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "சார்தான் மாஸ்டருங்களா?" என்று கேட்டார்.

வளர்மதி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லிங்க. சார் பிரைமர் அடிக்கிறவரு. நல்லா அடிப்பாரு."

நான் எழுந்து, சீர்காழிக்காரருக்கு வணக்கம் சொன்னேன்.