அவருக்குத் தராத சளி

என் கணவருக்குச் சளியே பிடிக்காது. எனக்கோ மாதம் தவறாமல் பிடிக்கும். ராசிபுரம் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர் நான். இருபது பிள்ளைகளின் மூக்கும் ஒழுகும். அதில் பாதி என் முந்தானையில்தான் துடைக்கப்படும். அவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். பொழுதெல்லாம் கோழிகளோடுதான் கிடப்பார்.

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் கால் நனைக்காமல் கலெக்டரே வந்தாலும் உள்ளே விட மாட்டார். அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். முதல் தும்மல் வந்ததுமே பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவேன். துண்டு, தட்டு எல்லாம் தனி. சளி முழுசாக விட்ட பிறகுதான் உள்ளறைக்குத் திரும்புவேன்.

“ஏம்புள்ள, ஒரு சளிக்கு இத்தன அலும்பா? வந்தா வந்துட்டுப் போகுது. உள்ள வந்து படு” என்பார்.

“நீங்க சும்மா இருங்க. ஊட்டுல ரெண்டு பேரும் மூக்கச் சிந்திக்கிட்டுக் கெடந்தா பண்ணைய ஆருங்க பாக்கறது?”

இருபத்தெட்டு வருடம் இப்படிக் காத்தேன். அவர் தும்மாமல் நடமாடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இத்தனைக்கும், நோயிலிருந்து காக்கும் சரியான வழி என் கண்ணெதிரேதான் இருந்தது. புதுக் குஞ்சு இறக்கினால் ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விடுவார். வீரியம் குறைத்த நோய்க்கிருமிதான் அந்த மருந்து. பெரிய நோய் வருவதற்குள் சின்னதாக ஒன்றைக் கொடுத்துப் பழக்குவது. நான்தான் குஞ்சுகளைப் பிடித்துக் கொடுப்பேன். சில நாளில் அவை லேசாகத் தும்மும். அவர் ஷெட் ஓரம் நின்று கேட்டுவிட்டு, “தும்முது புள்ள, மருந்து புடிச்சுக்கிச்சு” என்று சிரிப்பார். என் மரமண்டையில் அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. எனக்கு மூன்று நாள் தொண்டை வலி, மூக்கடைப்பு. அதோடு போய்விட்டது. அவர் இருமத் தொடங்கினார். அவர் இருமி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குள் வேறு யாரோ ஆள் புகுந்துவிட்டது போலப் பயந்தேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது அந்த நிலையிலும் என்னைக் கேலி செய்தார்.

“எல்லாச் சளியவும் நீயே வெச்சுக்கிட்ட. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல பாரு.”

நானும் சிரித்தேன். திரும்பி வரவே இல்லை அவர்.

ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ போன இடத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டேன், எனக்கு மட்டும் ஏன் லேசாகப் போனது என்று. “சாதாரணச் சளிக் கிருமிகள்ல சிலது கொரோனாவுக்குச் சொந்தக்காரங்கம்மா. அடிக்கடி அது வந்துபோன உடம்பு, புதுசையும் கொஞ்சம் அடையாளம் கண்டிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. பலருக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. வயசு, உடம்புவாகுன்னு எவ்வளவோ இருக்கு” என்றார்.

நல்ல மனிதர். என் முகம் போன போக்கைப் பார்த்து, “நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலைம்மா” என்றும் சொன்னார். அறிவுக்கு அது புரிகிறது. ஆனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் யாராவது தும்மினால், என் கணவர் ஷெட் ஓரம் நின்று காது கொடுப்பது கண்ணுக்குள் தெரிகிறது. ஆம்புலன்ஸில் ஏறும்போது சொன்னது கேலிதானா என்று இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. கேட்கவும் ஆள் இல்லை.

போன வாரம் மறுபடி சளி. கை தன்னால் பாயைச் சுருட்டிவிட்டது. முன்னறை வரை போனவள் திரும்பி வந்தேன். உள்ளறையில் அவர் படுக்கும் பக்கமாக முகத்தை வைத்துப் படுத்து, வாயைப் பொத்தாமல் தும்மினேன்.