எண்ணெய் விழுங்கிய சத்தம்

மாங்குளத்தில் ஏ-ஒன்பது வீதியோரம் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர் பிரேமிளா. எழுபத்தேழில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தகப்பன் காடு வெட்டி வயலாக்கினார். மகளுக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. போர் முடிந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் பழுதான ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர், நனைந்த போனையும் பேச வைப்பார் என்று பெயர் எடுத்தார்.

போன ஆனியில் முல்லைத்தீவிலிருந்து பரமலிங்கம் வந்தார். கடலடியில் மூழ்கிக் கடலட்டை பொறுக்கச் சுழியோடுகிறவர். மணிக்கூடு மாதிரிக் கையில் கட்டும் ஒரு கொம்பியூட்டரை மேசையில் வைத்தார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று காட்டும். நேரம் முடிந்தால் கத்தும். கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தது.

பிரேமிளா அதைக் கழுவிக் காயவைத்து வேலைசெய்ய வைத்தார். மூடி மட்டும் பழையபடி இறுகவில்லை. உள்ளே காற்று இருப்பதால்தானே ஆழத்தில் தண்ணீர் நெருக்கிக்கொண்டு வருகிறது, இடமே விடாமல் எண்ணெயால் நிரப்பினால் என்ன என்று யோசித்தார். மருந்துக்கடையில் பரபின் எண்ணெய் வாங்கி, ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசிக் குமிழியும் வெளியேறும்வரை ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து மூடினார். வாளித் தண்ணீருக்குள் எண்கள் துலக்கமாய்த் தெரிந்தன. பரமலிங்கம் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, அந்தத் துணிச்சலில் தன் பழைய கைக்கடிகாரத்துக்கும் எண்ணெய் விட்டார். மணிக்கொருதரம் கீச்சிடும் கடிகாரம். காலை ஒன்பது மணிக்குத் திரை மினுங்கியது, சத்தம் வரவில்லை. காதோடு வைத்துப் பார்த்தார். எண்ணெய் அதை விழுங்கியிருந்தது.

அப்படியானால் பரமலிங்கத்தின் கையில் இருப்பதும் கத்தாது. உடனே அவருக்கு அழைத்தார், போனை மனைவி பத்மாசனி எடுத்தார். அவர் விடியவே கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

பிரேமிளா கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வீதியை மறித்து யானை நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். அரைமணி நேரம் பஸ் அசையவில்லை. பிரேமிளா பிசுபிசுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் கரைக்குப் போனபோது பரமலிங்கத்தை மணலில் கிடத்தியிருந்தார்கள். நேரம் கடந்தும் அடியில் நின்றுவிட்டு, மூச்சு முட்ட வேகமாய் மேலே வந்திருக்கிறார். அப்படி ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பை அடித்துவிடும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, தடியூன்றி வீடு வந்தார். பிரேமிளா போய் நடந்ததைச் சொன்னார். சத்தத்தைச் சோதிக்காமல் விட்டது தன் பிழை என்றார்.

பரமலிங்கம் கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அது கத்தேல்லை எண்டு கட்டிக்கொண்டு இறங்கின முதல் நாளே எனக்குத் தெரியும், தங்கச்சி. கீழ அட்டை நிறையக் கிடந்தது. நான் திரையைத் திரும்பிப் பாக்கேல்லை."

பிறகு அலுமாரியைக் காட்டினார். "அந்தக் கொம்பியூட்டரை எடுத்து ஒருக்காச் சரிபார்த்துத் தாங்கோ. மச்சான் பாலன் கொண்டு போகட்டும்."

"தரமாட்டன் அண்ணை. இது இனி ஒருத்தற்ர கையிலயும் ஏறக்கூடாது."

அவர் மறிக்கவில்லை. பிரேமிளா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். கடையில் திறந்து, எண்ணெயை வடித்து, உள்ளே இருந்ததை உடைத்தார். அன்றைக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

இரண்டு கிழமை கழித்துப் பத்மாசனி போனில் அழைத்தார்.

"பாலன் கடலுக்கு வெளிக்கிட்டிட்டான் பிள்ளை. கையில ஒண்டும் இல்லை. குத்துமதிப்பாப் பாத்து ஏறி வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

பாலன் அன்றைக்குத் திரும்பி வந்தார். மறுநாளும் போனார். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். அட்டை கரையோரம் குறைந்துவிட்டதால் முன்னையைவிட ஆழத்துக்கு இறங்குவதாகப் பத்மாசனி சொல்கிறார். முல்லைத்தீவு இலக்கம் திரையில் விழும்போதெல்லாம் பிரேமிளாவால் உடனே எடுக்க முடிவதில்லை.