இரண்டு கதவுகளுக்கு நடுவே

எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு கதவுகள். உள்ளே மரக்கதவு, வெளியே கம்பிக்கதவு. நடுவில் ஒரு செருப்பு அலமாரியும் ஓர் ஆளும் நிற்கிற அளவுக்கு இடம். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. மரக்கதவு தாழ் விழும் சத்தம் கேட்காமல் யாராவது கம்பிக்கதவில் கை வைத்தால், எந்த அறையில் இருந்தாலும் "கதவு" என்பார். குரலை உயர்த்த மாட்டார்.

சட்டம் துரைக்காக. துரை, ஷிபா என்ற ஜப்பானிய இனத்து நாய். முழங்கால் உயரம், செம்பட்டை முடி, நரி முகம், முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால். கார் விற்பனை நிலையத்தில் வேலை பார்க்கும் அப்பா, தன் மேலதிகாரி வீட்டில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தார். "சத்தம் போடாது. பூனை மாதிரி சுத்தம். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு அசிங்கம் பண்ணாது" என்றார். அத்தனையும் உண்மைதான். பூனையைப் போலவே கூப்பிட்டால் வராது என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அப்பா கூடத்தின் இந்தக் கோடியில் நின்று கை தட்டிக் கூப்பிடுவார். அது அந்தக் கோடியில் படுத்தபடி அவரைப் பார்க்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பெரிய துரைன்னு நெனப்பு" என்றார் அம்மா. அதுவே பெயராக நிலைத்தது.

முதல் முறை நகம் வெட்ட அப்பா அதைப் பிடித்து மடியில் அமுக்கியபோது, அது போட்ட அலறலைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க, வீட்டுல யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டார். நகவெட்டி துரையின் அருகில்கூடப் போகவில்லை. பிடித்ததற்கே அந்தக் கூச்சல்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது துரைக்கு முன்பே. சில மாதங்களில் முறிந்துபோன ஒரு திருமணத்துக்குப் பிறகு, "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று அப்பா அழைத்து வந்தார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அவருக்கென்று அறை கிடையாது. கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில், காலையில் மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவார். துணிகள் எல்லாம் ஒரு பச்சைப் பெட்டியில்.

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. ஈரமான வெள்ளை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. வேலை முடிந்து வந்ததும் எதுவும் பேசாமல் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் துரையைக் கொஞ்சிக்கொண்டும் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தோம். அத்தை ஒருவர்தான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு சாயங்காலம் அது எழுந்து போய், அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. அத்தை திரும்பவில்லை. தட்டிலிருந்த அவித்த முட்டையில் பாதியைக் கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அது அத்தையின் நாய். கழுத்துப்பட்டை மாட்ட, மழையில் நனைந்த பாதத்தைத் துடைக்க, முடி சீவ, அவர் கைக்கு மட்டும்தான் அது அடங்கும். வீட்டுக்குள் சிறுநீர்கூடக் கழிக்காது என்பதால், காலையிலும் மாலையிலும் அவர்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். காய்ச்சலானாலும் சரி. மாலையில் உருளை பழுதாகி அவருக்குத் தாமதமானால், துரை மரக்கதவைப் பார்த்தபடி அப்படியே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மா தொலைபேசியில் அழைத்து, "துரை காத்துக்கிட்டிருக்காரு, சீக்கிரம் வா" என்பார்.

வருடத்துக்கு இரண்டு முறை துரையின் மேல்முடிக்கு அடியிலிருக்கும் மென்முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். சீவச் சீவ இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு வரும். வெள்ளை விரிப்பில் ஒரு செம்பட்டை முடி இருந்தால், அது அத்தை கை பட்ட விரிப்பு என்று சலவைக்கூடம் முழுக்கத் தெரியும். "உரலுக்கு ஒரு பக்கம் இடி" என்று அவர் சொன்னதை ஒரு முறை கேட்டிருக்கிறேன். மத்தளத்தைப் பற்றிய மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தினமும் கிளம்பும் முன் இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று, உடையெல்லாம் ஒட்டியிருக்கும் முடியை அகலமான ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பார்.

அந்த ஓட்டல்காரர்கள் வேறொரு ஊரில் புதுக் கிளை திறந்தார்கள். அங்கே சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அத்தையைக் கேட்டார்கள். தங்குவதற்குத் தனி அறை தருவதாகவும், நாய் பூனை மட்டும் கூடாது என்றும் சொன்னார்களாம். சாப்பிடும்போது அத்தை இதைச் சொன்னார்.

"தனி ரூமா?" என்றார் அப்பா.

"ஆமாண்ணா. ஜன்னல் இருக்காம். உள்ள இருந்து தாழ் போட்டுக்கலாம்."

அவர் இவ்வளவு ஆசையாக எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

"தாராளமா போ. உனக்கும் ஒரு மாற்றம் வேணும்ல" என்றார் அப்பா.

அம்மா துரையைப் பார்த்தார். துரை அம்மாவைப் பார்த்தது. "எனக்கு மாமியார் இல்லைன்னு நிம்மதியா இருந்தேன். நாலு காலோட வந்து உக்காந்திருக்கு."

"நான் பழக்கிட்டுப் போறேன், அண்ணி."

பழக்கினார். பட்டையை முன்னாலிருந்து நீட்டாமல் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, அவசரமே கூடாது. அம்மாவுக்கு அவசரம் இல்லாமல் எதையும் செய்ய வராது. "நாய் வாலை நிமிர்த்த முடியாதும்பாங்க. இதுக்கு வாலும் சுருட்டல், புத்தியும் சுருட்டல்" என்று திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் அலறல் இல்லாமல் பட்டை ஏறியது. அத்தை அன்று மாலையே பச்சைப் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

கிளம்பும் நாள் காலையில் ஓட்டல் வேன் தெருமுனையில் வந்து நின்றது. புதுக் கிளைக்குப் போகிற மற்றவர்கள் ஏற்கெனவே அதில் இருந்தார்கள். அத்தை வழிக்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, துரையிடம் ஒன்றும் சொல்லாமல் கடைசியாக ஒரு முறை கூடத்தைப் பார்த்தார். தங்கை போகிறாளே என்று அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் தூக்கிட்டு வரேன்" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். நடுவிடத்தில் அது அலமாரியில் இடித்து நின்றது. பெட்டியின் பாதி உள்ளே, பாதி வெளியே. மரக்கதவு சாத்த முடியாமல் திறந்திருந்தது. அப்பா பெட்டியைத் தாண்டிக் கம்பிக்கதவைத் திறந்தார்.

"கதவு" என்றார் அத்தை.

அதற்குள் பெட்டியின் மேலாக ஏதோ செம்பட்டை நிறத்தில் போனது.

நாங்கள் கீழே இறங்கியபோது துரை தெருவில், ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில், பட்டை இல்லாத வெறும் கழுத்தோடு நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெரிய சாலை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா "துரை, துரை" என்று ஓடினார். அது ஒரு துள்ளு துள்ளிச் சாலைப் பக்கம் பின்வாங்கியது.

"ஓடாதீங்கண்ணா. பேரைச் சொல்லாதீங்க. எல்லாரும் நில்லுங்க."

அத்தை மெதுவாக நடந்து, நாய்க்குக் கொஞ்சம் முன்னால் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். முகம் எங்களைப் பார்த்து, முதுகு துரைக்கு. பையைத் திறந்து வழிச்சாப்பாட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்தார். அதைக் கல்லில் தட்டி நிதானமாக உரிக்கத் தொடங்கினார். ஓடு நொறுங்கும் சத்தத்துக்குத் துரையின் காது திரும்பியது. அது கம்பத்தை முகர்ந்தது. ஓரமாக நின்ற ஒரு வண்டியின் டயரை முகர்ந்தது. அவருக்காக வரவில்லை, தன் வேலையாகத்தான் வருகிறது என்பதுபோல நெருங்கியது.

வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

துரை ஒரே பாய்ச்சலில் சாலை ஓரத்துக்குப் போய் நின்றது. ஒரு லாரியின் காற்றில் அதன் முடி கலைந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனை எங்களுக்குப் பின்னால் இருந்தது. அத்தை தலையை நிமிர்த்தி வேனைப் பார்த்தார். ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அவர் கை மறுபடியும் ஹாரனுக்குப் போவது எனக்கே தெரிந்தது. அத்தை முட்டை இல்லாத கையைத் தூக்கினார். நிறுத்து என்று காட்டுவார் என நினைத்தேன். புறங்கையால், போ என்று காட்டினார். ஒரு முறை. புரியாமல் ஓட்டுநர் பார்க்கவும், இன்னொரு முறை.

வேன் போனது. அதில் இருந்த யாரோ ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தெரு அமைதியானது. அத்தை மீதி ஓட்டை உரித்தார். வெகுநேரம் கழித்துத் துரை வந்து அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்தது. அவர் பாதி முட்டையைப் பின்னால் நீட்டினார். அது தின்றுகொண்டிருக்கும்போது, பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் தன் துப்பட்டாவைச் சுற்றினார்.

"நல்ல வேளை, நீ இருந்தே" என்றார் அம்மா. உண்மையான நன்றியோடுதான் சொன்னார்.

"பழக்கிட்டுத்தான் போகணும் போல. சரியா பழக்கலை" என்றார் அத்தை. அம்மாவைக் குறை சொல்லவில்லை. உருளை பழுதானதைச் சொல்வதுபோல, நடந்ததை அப்படியே சொன்னார்.

அப்பா ஓட்டலுக்குப் பேசிப் பார்த்தார். திறப்பு நாளில் ஆள் இல்லாமல் முடியாது, வேறொருவரை ஏற்றிவிட்டோம், அடுத்த கிளை வரும்போது பார்க்கலாம் என்றார்களாம். அவர் வந்து, நடுவிடத்தில் கிடந்த பச்சைப் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கக் குனிந்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும்ணா."

"வழியில கெடக்கேம்மா. எல்லாருக்கும் இடிக்கும்."

"இடிக்கட்டும்."

பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது, கதவுகளைச் சாத்த முடிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தபடி. மாற்றுத்துணி வேண்டுமானால் அத்தை அங்கே போய் நின்று எடுக்கிறார். போகும்போதும் வரும்போதும் எங்கள் ஒவ்வொருவர் காலிலும் அது இடிக்கிறது.

கொஞ்ச நாளாக நான் மாலையில் கூடத்தின் நடுவில், துரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டை உரிக்கிறேன். அது எழுந்து வருகிறது. நான் உட்கார்ந்திருக்கும் பாயின் ஓரம்வரை வந்து நின்றுவிடுகிறது. அதன் மூச்சு கேட்கிறது. நேற்றுப் பொறுமையிழந்து கொஞ்சம் திரும்பிப் பார்த்துவிட்டேன். அது தன் மூலைக்குப் போய்விட்டது.

மடக்குக் கட்டிலை விரித்துக்கொண்டிருந்த அத்தை எங்கள் இருவரையும் பார்க்காமலே சொன்னார்.

"திரும்பாதே. நாளைக்கு மறுபடி உக்காரு."