ராகுகாலமும் நகுலேஸ்வரியின் கட்சி அட்டையும்

மக்னா கார்ட்டாவுக்குப் பிறகு இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அது லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கும் நகுலேஸ்வரி தன் கட்சி அட்டைக்காகப் போட்ட சண்டை. நடுவில் வந்துபோன ராசாக்களும் ராணிகளும் பிரதமர்களும் அந்த நாளுக்காக நாற்காலி துடைத்துவைக்க வந்தவர்கள். நம்பாதவர்கள் அவர் மகள் கோசிகாவைக் கேட்கலாம். என்ன, கோசிகா பொய் சொல்லுவாள்.

கோசிகாவுக்கு வயது பதினாறு. கல்லூரி முதல்வரின் காரில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டி, கீழே அவருடைய சொந்தத் தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்தவள். கார் விலைப்படவில்லை. கோசிகாவின் படிப்புத்தான் நின்றது. அதிலிருந்து அம்மாவின் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் ட்ரவுசர் கால்களை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

நகுலேஸ்வரி ஒல்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வந்த வருடமே கட்சியில் சேர்ந்தார். எந்தக் கட்சி என்று இங்கே எழுதினால் இன்னொரு வழக்கு வரும், ஆகவே கட்சி என்றே வைத்துக்கொள்வோம். துண்டுப் பிரசுரம் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. எந்த வீட்டு நாய் கதவின் தபால் துவாரத்துக்குப் பின்னால் வாயைத் திறந்து வைத்திருக்கும் என்பது வரை மனப்பாடம்.

கட்சிக்காரர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கூடுவார்கள். நகுலேஸ்வரி பத்து முப்பத்தொன்றுக்குத்தான் கடையை விட்டுக் கிளம்புவார். கடைவேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைவேலையும் இல்லை, பஸ்ஸும் பிந்தவில்லை. நோர்பரிப் பலசரக்குக் கடையில் வருடப் பிறப்புக்குச் சும்மா கொடுக்கும் நாட்காட்டியில், முருகன் படத்துக்குக் கீழே, சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் நகுலேஸ்வரி ஊசியில் நூல்கூடக் கோர்க்கமாட்டார்.

2009 புரட்டாதியில் அந்த வட்டாரத்துக்கு ஒரு இடைத்தேர்தல் வந்தது. பிரசாரத்தைச் சனிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்குவதாகக் கிளைச் செயலாளர் ஜம்புநாதன் அறிவித்தார். சென்னைக்காரர், வங்கியொன்றில் கணினி வேலை, எதையும் கட்டம் போட்டுக் காட்டுகிறவர். நகுலேஸ்வரி கையை உயர்த்தினார்.

"பத்து மணி ராகுகாலம். அதுக்குள்ள தொடங்கினா தோப்பம். பதினொண்டுக்கு வையுங்கோ."

பத்துக்கே தொடங்கினார்கள். தோற்றார்கள்.

தோற்றதைக்கூடக் கட்சி பொறுத்திருக்கும். அடுத்த கூட்டத்தில் நகுலேஸ்வரி எழும்பி, "நான் அப்பவே சொன்னனான்," என்றார். யாரோ அதை உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். கட்சியைத் தோற்கடித்தது வாக்காளர்களா, பாம்புக் கிரகமா என்று பத்திரிகை பெரிய எழுத்தில் கேட்டது. கட்சியின் பெயரைக் கெடுத்ததாகவும் நவீனக் கட்சிக்கு ஒவ்வாத மூடநம்பிக்கையைப் பரப்பியதாகவும் சொல்லி, அவருடைய உறுப்புரிமையை நிறுத்திவைத்து அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஜம்புநாதன் கெட்டவர் இல்லை. கடைவாசலுக்கே வந்து சமாதானம் பேசினார்.

"மேடம், நான் சொல்றதக் கேளுங்க. 'அது சும்மா ஜோக்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அன்னிக்கே கார்டு கையில குடுத்துடறேன்."

"பகிடி எண்டு சொல்லோணுமே?"

"ஆமா. அவ்வளவுதான்."

"பகிடி எண்டா நான் சிரிச்சிருப்பனே, தம்பி."

அவர் போனபிறகு கோசிகாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, சொல்லிப்போட்டு வாங்க வேண்டியதுதானே! நான் ஒரு நாளைக்கு எத்தினை பொய் சொல்லுறன். எனக்கென்ன, கொம்பே முளைச்சது?"

"உனக்கு முளைச்சாலும் தெரியாது. அந்தத் தலைமயிரை ஒருக்கா இழுத்துக் கட்டு."

ஆனால் கோசிகாவுக்குத் தெரியும். ஊரில் போருக்குள்ளே அம்மா இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாயை மூடி வளர்ந்தவர். அந்த வருடம் சித்திரையில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றச் சதுக்கத்தில் நாட்கணக்கில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஒருவரும் கேட்கவில்லை என்று குரலே இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். அந்தக் கட்சிக் கிளைக் கூட்டத்தில் மட்டும்தான் அவர் கையை உயர்த்தினால் கிளைத் தலைவி "சொல்லுங்கள், நகுலேஸ்வரி" என்பார், இன்னொருவர் அதைக் குறிப்பெடுப்பார். அந்த அட்டை போய்விட்டால் அம்மாவுக்கு லண்டனில் வாய் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

நோர்பரியில் சட்டத்தரணி அருட்பிரகாசம் வழக்கை ஆசையோடு எடுத்தார். "அக்கா, இந்த நாட்டுச் சட்டம் உங்கடை நம்பிக்கை சரியோ பிழையோ எண்டு கேக்காது. மனமார நம்புறியளோ எண்டுதான் கேக்கும். கட்சி மேன்முறையீட்டில சரிவராட்டி கவுண்டி கோர்ட்டுக்கு இழுப்பம்."

மேன்முறையீட்டு விசாரணை கார்த்திகையில், கட்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கட்சியின் உள்விசாரணை என்பதால் அருட்பிரகாசத்துக்கு அங்கே இடமில்லை. காலையில் அங்கே பாலர் வகுப்பு நடப்பதால் கதிரைகள் எல்லாம் முழங்கால் உயரம். நீதி வழங்க வந்த மூன்று பேரும் தவளைபோலக் குந்தியிருந்தார்கள். நடுவிலிருந்த சபைத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முன்னாலிருந்த குட்டி மேசையில் நகுலேஸ்வரியின் கட்சி அட்டை கிடந்தது.

நகுலேஸ்வரிக்கு ஆங்கிலம் விளங்கும். பேசப் போனால்தான் நடுவில் ஒல்லாந்து மொழி புகுந்துவிடும் என்ற வெட்கம். ஆகவே மொழிபெயர்க்கக் கோசிகா வந்தாள். அங்கேதான் கட்சி தவறு விட்டது.

"வணக்கம். மழைக்குள்ளயும் வந்திருக்கிறியள்," என்றார் அம்மா.

"இந்த மாண்புமிகு சபையின் நீதியுணர்வுக்கு என் தாய் தலைவணங்குகிறார்," என்று கோசிகா ஆங்கிலத்தில் எடுத்துவிட்டாள். தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதிரையில் எவ்வளவு நிமிரலாமோ அவ்வளவு.

ஜம்புநாதன் மடிக்கணினியைத் திறந்தார். கட்டம் போட்ட படம் வந்தது. ராகுகாலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையான பகலை எட்டாகப் பிரித்து வருவது, சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. நகுலேஸ்வரி பார்ப்பதோ ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊர்க் கணக்கு. லண்டன் சூரியனுக்கு, பிரசாரம் தொடங்கிய அந்தச் சனிக்கிழமை ராகுகாலம் பதினொன்றே கால் தாண்டித்தான் முடிகிறது.

"அதாவது," என்றார் ஜம்புநாதன், "இவர் பத்து முப்பத்தொன்றுக்குக் கிளம்பியது ராகுகாலத்துக்குள்தான். அன்றைக்கு மட்டுமல்ல, எட்டு வருடமாக அநேகமான சனிக்கிழமைகளில் இப்படித்தான். மனமார நம்புகிறவர் ஒருவர் சூரியன் எப்போது உதிக்கிறதென்று ஒரு தடவைகூடவா பார்க்கமாட்டார்?"

கோசிகா மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ முருகா! எட்டு வருசமும் அதுக்குள்ளயே நடந்து திரிஞ்சனான்?"

"மூன்று முறை நாய் கடித்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்கிறார்," என்றாள் கோசிகா. மூன்று நீதிபதிகளும் சிரிப்பை அடக்கக் குனிந்தார்கள். ஒருவருக்குக் கதிரை சரிந்தது.

நகுலேஸ்வரி மூச்சை இழுத்துக்கொண்டு ஜம்புநாதனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் கணக்குப் பிழைச்சா, கணக்கிலயே நம்பிக்கை இல்லாத ஆளெண்டு சொல்லுவினமே? பிழைவிட்டது நான். நம்பினதும் நான்தான். அது கிடக்கட்டும், உங்கடை புதுவீட்டுக்கு எத்தினை மணிக்குப் பால் காய்ச்சினனீங்கள்?"

ஜம்புநாதன் மடிக்கணினியை மெதுவாகச் சாய்த்தார். "மேடம், அதெல்லாம் இங்க எதுக்கு..."

"விடியக் காலமை நாலரைக்கு. ஓமம் வளத்த புகையில அலாரம் அடிச்சுத் தீயணைப்புக்காரர் வந்தவை. நானும் நிண்டனான். ஏணியில வந்தவருக்கும் சக்கரைப் பொங்கல் குடுத்தது ஆர்?"

"அது என் வொய்ஃப் கோதையோட இஷ்டம், மேடம்."

கோசிகா ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே மொழிபெயர்த்தாள். உண்மை இவ்வளவு நன்றாக இருக்கும்போது அதற்கு மேல் பூ வைப்பது பாவம்.

சிரிப்பு அடங்கியதும் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி ஒன்றே ஒன்று என்றார். அன்றைக்குச் சொன்னது நகைச்சுவையாகச் சொன்னதா? ஆமென்றால் விசாரணை இத்துடன் முடிந்தது, அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால், இனியும் கூட்டங்களில் அப்படிச் சொல்வதாக இருந்தால், சபை தனியாகக் கூடித் தீர்மானிக்கவேண்டும். தீர்மானம் பாதகமாகவும் இருக்கலாம்.

நகுலேஸ்வரி யோசிக்கவே இல்லை. "பகிடி இல்லை. நான் சொன்னது சொன்னதுதான். இனியும் சொல்லுவன்."

எல்லோரும் கோசிகாவைப் பார்த்தார்கள்.

கோசிகா மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தாள். கையை நீட்டினால் எட்டும். சித்திரை மாதத்து இரவொன்றில், குரலே இல்லாமல் கைச்சைகையால் தேத்தண்ணி கேட்ட அம்மாவை நினைத்தாள். பிறகு மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆமாம், அது நகைச்சுவைதான் என்கிறார். எங்கள் ஆட்களின் பகிடி கொஞ்சம் இறுகிய முகத்தோடு வரும்."

மண்டபமே மூச்சுவிட்டது. ஜம்புநாதன் நிம்மதியாகக் கண்ணை மூடினார். தலைவி அட்டையை எடுத்து நீட்டினார்.

"நோ," என்றார் நகுலேஸ்வரி.

எழும்பி நின்றார். ஒல்லாந்து, வெட்கம், எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நோ ஜோக். ஐ நாட் சே ஜோக். மை டாட்டர் சே ஜோக். ஐ பிலீவ். நெக்ஸ்ட் டைம் ஆல்சோ ஐ சே."

கையை நீட்டி, தலைவியின் விரல்களிலிருந்த அட்டையைத் தானே மேசைக்குத் தள்ளிவிட்டார்.

சபை பின்னறைக்குப் போனது. ஜம்புநாதன் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மா குடித்தார். கோசிகாவால் ஏலவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது தலைவி உட்காரவில்லை. அந்தக் கதிரையோடு அவர் கணக்கை முடித்துவிட்டார்போல.

"இவர் மனமார நம்புகிறாரா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி," என்றார். "சூரியக் கணக்கு அதற்கு விடை தரவில்லை. பால் காய்ச்சிய கதையும் தரவில்லை, மிகவும் ரசித்தோம் என்றாலும். அட்டை கைக்கு எட்டியபிறகு, ஒரு பொய்யால் அதை வாங்கமாட்டேன் என்று தள்ளினாரே, அது தந்தது. தடை நீங்குகிறது. இவர் கூட்டத்தில் எதையும் சொல்லலாம். நாங்கள் அதன்படி நடக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை."

"நடக்காட்டித் தோப்பினம்," என்றார் நகுலேஸ்வரி தமிழில்.

தலைவி கோசிகாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கோசிகா இந்த முறை சரியாகவே மொழிபெயர்த்தாள். முதலில் சிரித்தவர் ஜம்புநாதன்.

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனமே கிடைத்தது. அம்மா அட்டையைக் கைப்பைக்குள் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். கோசிகாவுக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. தெம்பு வந்தால் அவளுக்கு வாயும் வரும்.

"அம்மா, நான் வேணுமெண்டுதான் மாத்திச் சொன்னனான், தெரியுமே? நீங்கள் எழும்பிச் சண்டை பிடிப்பியள் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் வெண்டது. எல்லாம் என்ரை பிளான்."

"அப்பிடியே?"

"ஓம். முதலே யோசிச்சு வைச்சனான். அருட்பிரகாசம் அங்கிளுக்கே இது ஓடியிருக்காது."

"சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான்." நகுலேஸ்வரி கோட்டின் கையை மேலே இழுத்து, மணிக்கட்டை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். நாலு நகமும் பதிந்து சிவப்பாகக் கன்றியிருந்தது. "அவை உள்ளுக்குப் போய் வாற மட்டும் இந்தப் பிடி பிடிச்சுக்கொண்டு இருந்தவள் ஆர், பிள்ளை?"